இரட்டைப்படை அத்தியாயங்கள்

ஜனவரி 8
ஹாஸ்டல், நம் பழைய அறை

ஸ்பீக்கருக்கு,

செப்டம்பரில் நீ போனை வைத்த பிறகு நான் திரும்பக் கூப்பிடவில்லை. "சீக்கிரம் வந்துடு" என்று நான் சொன்னதும், "வந்து? கடையை நீ பாத்துக்கறியா?" என்று கேட்டாய். என்ன பதில் சொல்வதென்று நான் தேடிக்கொண்டிருக்கும்போதே நீ வைத்துவிட்டாய். போனில் எனக்கு எப்போதும் இப்படித்தான். எதிரில் முகம் இல்லாவிட்டால், எனக்கு வார்த்தை வருவதற்குள் அடுத்தவருக்குப் பொறுமை போய்விடுகிறது. எனக்குக் கோட்டான் என்று பெயர் வைத்தவளே நீதான், உனக்குத் தெரியாததா? அதனால் எழுதுகிறேன்.

உன் அப்பாவின் இடுப்பு எலும்பு கூடிவிட்டதா? நடக்கிறாரா? மேல்தட்டு பெயிண்ட் டின்களை எடுக்க இப்போதாவது வேறு ஆள் ஏணி ஏறுகிறாரா? அம்மாவை நான் கேட்டதாகச் சொல்.

உன் கட்டிலுக்கு யாரும் வரவில்லை. உடைந்த மின்விசிறி ஒன்றை வார்டன் அதில் படுக்க வைத்திருக்கிறார். அது உன்னைவிட நல்ல ரூம்மேட். சத்தமே போடுவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கடைசி வருடம் என்பதால் ஆளுக்கொரு ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். நான் அந்தத் துறைமுகச் சத்திரத்து நாவலை எடுத்திருக்கிறேன். கட்டுரை நன்றாக வந்தால்தான் மேடம் மேற்படிப்புக்குப் பரிந்துரை தருவார். தராவிட்டால் மே மாதம் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதில் அப்பாவுக்குப் பெருமை உண்டு. ஒரு பட்டம் போதும் என்பதிலும் அவர் உறுதியாக இருக்கிறார்.

கட்டுரையின் மையம் நாம் இருவரும் சேர்ந்து கண்டுபிடித்ததுதான். சத்திரக்காரி நாவல் முழுக்க அதிகம் பேசுவதில்லை, ஆனால் அவள் வாய் திறக்கும் ஒவ்வொரு இடத்திலும் கதை திசை மாறுகிறது. துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து இதை நீ சொன்ன மாலை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. நூலகத்தில் ஒரே பிரதி, அதற்கும் பின்னால் வரிசை. ஒற்றைப்படை அத்தியாயங்கள் எனக்கு, இரட்டைப்படை உனக்கு என்று பங்கு போட்டு, படித்ததை மாலையில் துணி அலசிக்கொண்டே ஒருவருக்கொருவர் சொன்னோமே. ஒரே வாரத்தில் நாற்பது அத்தியாயம் முடிந்தது.

என் திட்டத்தின் முதுகெலும்பு உன் பதினெட்டாம் அத்தியாயம். கடலுக்குப் போன கணவன் திரும்பவில்லை. அவனுடைய அண்ணன் சத்திரத்தின் சாவியைப் பிடுங்க வருகிறான். அவள் படிக்கட்டில் நின்று, "சாவி என் கையில் இருக்கிறது. உங்கள் கையில் இருப்பது கோபம் மட்டும்தான்" என்கிறாள். அதன் பிறகு அந்த ஒற்றைக்கண் பூனைக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறேன். சத்திரத்துக்கு வருகிறவர்களை அவள் எடைபோடுவதற்கு அது ஓர் அடையாளம் என்று.

நூலகப் பிரதி பைண்டிங்குக்குப் போயிருக்கிறது, பிப்ரவரியில்தான் வரும். அதனால் திட்டத்தை நினைவிலிருந்தே எழுதிக் கொடுத்துவிட்டேன். மேடத்துக்குப் பிடித்திருக்கிறது.

இதை நான் எழுதலாமா? பாதி உன்னுடையது. நீ வேண்டாம் என்றால் வேறு நாவல் எடுத்துக்கொள்கிறேன்.

கோட்டான்


ஜனவரி 17
கடை, கல்லாவுக்குப் பின்னால்

கோட்டானே,

அனுமதி கேட்டுக் கடிதமா? நான் என்ன நீதிபதியா, முத்திரை குத்தி அனுப்ப? பிரித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. நாலு மாதம் கழித்து வருகிறாள், வரும்போதே வேலையோடு வருகிறாள் என்று. மின்விசிறி வரைக்கும் படித்த பிறகு கொஞ்சம் இறங்கியது.

அப்பா கைத்தடி பிடித்து நடக்கிறார். ஏணி நான்தான் ஏறுகிறேன். வேறு யார் ஏறுவார்கள்?

என் படிப்பைப் பற்றியும் கேள். இன்று காலை ஒருவர் வந்தார். "வெள்ளை பெயிண்ட் குடும்மா." "எந்த வெள்ளை சார்?" "வெள்ளைல என்னம்மா எந்த வெள்ளை? வெள்ளைன்னா வெள்ளைதான்." ஷேட் கார்டை விரித்துக் காட்டினேன். முத்து வெள்ளை, பால் வெள்ளை, மூடுபனி வெள்ளை என்று ஒரு பக்கம் முழுக்க வெள்ளை. மனிதர் முகம் வெளுத்துவிட்டது. "வீட்ல கேட்டுட்டு வரேன்" என்று போனவர், சாயங்காலம் மனைவியோடு வந்து பச்சை வாங்கிக்கொண்டு போனார். இதுதான் இப்போது என் ஆராய்ச்சி.

எழுது. தாராளமாக எழுது. என் பெயரை மட்டும் எங்கேயும் போடாதே. பாதியில் நின்றவள் பெயரைப் போட்டு என்ன ஆகப்போகிறது?

பதினெட்டாம் அத்தியாயத்தில் அவள் அதோடு நிறுத்தவில்லை என்று ஞாபகம். "செருப்பை வெளியே விட்டுட்டு வந்தா தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்றும் சொல்வாள். அந்த அண்ணன்காரன் மூஞ்சியைப் பார்க்கணுமே! பக்க எண் கேட்காதே, எனக்குப் பக்கமெல்லாம் ஞாபகம் இருக்காது.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நேரில் என்றால் சொல்லமாட்டேன். உன் பங்கில் இருபத்தேழாம் அத்தியாயம் இருந்ததே. ஏழு வருடம் கழித்துப் புருஷன் திரும்பி வந்து வாசலில் நிற்கிறான். அவள் எதுவும் கேட்காமல் தரையைக் கழுவி முடித்து, வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, லேசாகச் சிரிக்கிறாள். நீ அதைச் சொன்னபோது நான் அலசிய துணியையே திரும்ப அலசிக்கொண்டிருந்தேன். காலையில் ஷட்டரைத் தூக்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்பை நினைத்துக்கொள்கிறேன். யாரையும் எதுவும் கேட்காமல் இருப்பதிலும் ஒரு கம்பீரம் இருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். அது இல்லாவிட்டால் முதல் மாதமே டின்னைத் தூக்கி வீசிவிட்டு பஸ் ஏறியிருப்பேன்.

ஆள் வந்துவிட்டார். வைக்கிறேன்.

ஸ்பீக்கர்


பிப்ரவரி 6
ஹாஸ்டல்

ஸ்பீக்கருக்கு,

நாவல் வந்துவிட்டது. புது அட்டை, பசை வாசனை. நூலகத்திலேயே நின்றபடி பதினெட்டாம் அத்தியாயத்தைத் திறந்தேன்.

அவள் பேசவே இல்லை.

கணவனின் அண்ணன் வருகிறான், கத்துகிறான், சாவியைக் கேட்கிறான். அவள் படிக்கட்டிலிருந்து விலகி வழி விடுகிறாள். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறாள். அவன் குடித்துவிட்டு, உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறான். அவ்வளவுதான் அத்தியாயம். வேறெங்காவது இருக்கும் என்று பதினாறிலிருந்து இருபது வரை தேடினேன். சாவி பற்றிய வசனமும் இல்லை, செருப்பும் இல்லை.

பூனையும் இல்லை. ஒற்றைக்கண், இரட்டைக்கண் எந்தப் பூனையும் இல்லை. அதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. ஜனவரியில் மேலோட்டமாகப் பார்த்த என் திட்டத்தை நேற்று மேடம் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"இந்தப் பூனை யாரு?"

"சத்திரத்துப் பூனை மேடம்."

"எந்தச் சத்திரத்துல?"

எனக்குக் காது வரை சூடேறியது. மார்ச் பத்தாம் தேதிக்குள் எல்லா மேற்கோளுக்கும் பக்க எண் எழுதி வரச் சொல்லியிருக்கிறார். எதற்குப் பக்க எண் எழுதுவேன்? உன் வாய்க்கா?

எங்கள் வீட்டில் புத்தகம் கிடையாது என்பது உனக்குத் தெரியும். எந்தச் செய்தியும் யாராவது வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். நம்பத் தகுந்தவர் சொன்னால் அது நடந்ததுதான். படிப்பதும் அப்படித்தான் என்று நினைத்தேன். நீ சொன்னாய், அதனால் படித்துவிட்டேன் என்றே நம்பினேன். நாற்பதில் இருபது அத்தியாயத்தை நான் கண்ணால் பார்க்கவே இல்லை என்பது நேற்றுத்தான் எனக்கே உறைத்தது. அதை மேடத்திடம் எந்த வாயால் சொல்வேன்?

உனக்கு அது ஒரு மாலை நேர விளையாட்டு. எனக்கு ஒரு வருடம். நீ ஏன் இப்படிச் செய்தாய்? இருப்பதை இருக்கிறபடி சொல்ல உன்னால் ஒருநாளும் முடியாதா? மார்ச் இருபதாம் தேதி கட்டுரையைக் கொடுக்க வேண்டும். என்னிடம் இப்போது ஒரு வரிகூட இல்லை.

கோட்டான்


பிப்ரவரி 12
கடை

உன் கடிதத்தை ஒரு டின் பிரைமருக்கும் ஒரு சண்டைக்கும் நடுவில் படித்தேன். சண்டை இங்கே வந்த ஆளோடு. சுவர் காயும் முன்பே கையை வைத்துப் பார்த்துவிட்டு, கறை எங்கள் பெயிண்டால் வந்தது என்கிறார். அவரிடம் சிரித்துப் பேசி அனுப்பிவிட்டேன். உன்னிடம் சிரிக்க முடியாது.

விளையாட்டா? நான் உன்னை ஏமாற்றினேன் என்கிறாயா?

அவள் சொன்னாள். கண்ணை மூடினால் அந்த வரி அச்சில் தெரிகிறது, பக்கத்தின் கீழே, இடது ஓரத்தில். அந்த மாலை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? தண்ணீர் வரிசையில் நீ முதலில் வைத்த வாளியை வார்டன் எட்டி உதைத்துவிட்டு, "பொண்ணு வந்துட்டா பொண்ணு, பெரிய மகாராணி" என்றாள். நீ ஒன்றும் சொல்லாமல் வாளியை நிமிர்த்தி வைத்துவிட்டு வரிசையின் கடைசிக்குப் போய் நின்றாய். நான் மாடியிலிருந்து பார்த்தேன். இறங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்று சாயங்காலம்தான் பதினெட்டாம் அத்தியாயம் சொன்னேன். சத்திரக்காரி வாயை மூடிக்கொண்டு தண்ணீர் கொடுத்தாள் என்று அன்றைக்கு உன்னிடம் என்னால் சொல்ல முடிந்திருக்குமா? தெரிந்து மாற்றினேனா, வாயில் வந்ததா, சத்தியமாகத் தெரியவில்லை.

பூனை கூடவா இல்லை? அதற்கு நான் பால் வைத்தது கூட ஞாபகம் இருக்கிறதே!

சரி, அம்மா உத்தமி. இருப்பதை இருக்கிறபடி சொல்கிறவளே. எனக்கு ஒரு காரியம் செய். உன்னுடைய இருபத்தேழாம் அத்தியாயத்தை நகல் எடுத்து அனுப்பு. நீ சொன்னது அங்கே இருக்கிறதா என்று நானும் பார்க்கிறேன்.

(பெயர் போட மனமில்லை.)


பிப்ரவரி 20
நூலகம்

ஸ்பீக்கருக்கு,

நகல் இதோடு இருக்கிறது. அதைப் பிரிப்பதற்கு முன் இதைப் படித்துவிடு.

அவள் சிரிக்கவில்லை.

இரண்டு பக்கம் கத்துகிறாள். கணவன் வாசலில் நிற்கிறான், தெருவே கூடி நிற்கிறது, அவள் ஏழு வருடத்தையும் ஒவ்வொன்றாக எடுத்து அவன் முகத்தில் எறிகிறாள். கையில் இருந்த வாளியையும் எறிகிறாள். தண்ணீர் படிக்கட்டு முழுக்க ஓடுகிறது. அதற்குப் பிறகுதான் தரையைக் கழுவுகிறாள். கொட்டிய தண்ணீரை வழிக்கிறாள், அவ்வளவே. சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. "அவள் முகம் அடங்கியிருந்தது" என்று ஒரு வரி இருக்கிறது. அதை நான் அப்படி ஆக்கிவிட்டேன் போலிருக்கிறது.

நகல் எடுக்கும் இடத்தில் நின்று படித்தேன். பின்னால் நின்றவர் "முடிஞ்சுதாம்மா?" என்று கேட்கும்வரை நகரவில்லை. இவை உன் பங்குப் பக்கங்கள் அல்ல, நானே முன்பு படித்தவை. இருந்தும் அந்தக் கத்தல் எனக்குப் புதிதாக இருந்தது.

யோசித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அப்பா வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தாலே சத்தம்தான். சோறு ஆறிப்போனாலும் சத்தம், சூடாக இருந்தாலும் சத்தம். அந்த நேரத்தில் நான் பாடப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, எழுத்தின் மேல் கண்ணை ஓடவிட்டுக்கொண்டே எதுவும் கேட்காமல் இருக்கப் பழகினேன். புத்தகத்துக்குள்ளேயே சத்தம் வந்தால் எங்கே போவது? அங்கேயும் கண்ணை மட்டும் ஓடவிட்டிருக்கிறேன்.

போன கடிதத்தில் உன்னை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் இப்போது என் பயம் வேறு. தினமும் ஷட்டரைத் தூக்கும்போது நினைத்துக்கொள்வதாக எழுதினாயே. அந்தச் சிரிப்பு என்னுடையது. அவளுடையது இல்லை.

உடனே பதில் போடு. திட்டியாவது போடு.

கோட்டான்


மார்ச் 1
கடை

கோட்டானே,

நீ சொன்னபடி முதலில் கடிதம், பிறகு நகல். படித்து முடித்தபோது எதிரில் ஒரு அம்மாள் நின்றுகொண்டிருந்தார். "படுக்கையறைக்கு அமைதியா ஒரு கலர் வேணும்மா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் வந்துவிட்டது. அந்த அம்மாள் பயந்துபோய் எதையும் வாங்காமல் போய்விட்டார்.

அடிப்பாவி, என்ன கத்து கத்துகிறாள்! இதையா நீ எனக்குச் சொல்லாமல் விட்டாய்?

உன்மேல் கோபம் இல்லை. இருந்தது, ஒரு பகல் முழுக்க. பிறகு வேறொன்று தோன்றியது. அப்பா கைத்தடியை விட்டுச் சில வாரமாகிவிட்டது. காலையிலேயே வந்து கல்லாவில் உட்கார்ந்துவிடுகிறார். ஒரு வருடம் என்று சொல்லித்தான் நான் வந்தேன். அதைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. ஸ்பீக்கர் என்று பெயர் வாங்கியவள், வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை சாப்பிடும்போது கேட்டேன்.

"அப்பா, நான் எப்போ காலேஜுக்குத் திரும்பிப் போறது?"

"காலேஜா?" என்றார், ஏதோ அடுத்த கிரகத்தைப் பற்றிக் கேட்டதைப் போல.

"ஒரு வருஷம்னு சொல்லித்தானே வரச் சொன்னீங்க?"

"நீ ஒண்ணும் கேக்கலையேம்மா. தினமும் சிரிச்ச முகமா கடையைத் திறக்கற. உனக்கு இது பிடிச்சுப் போச்சுன்னுல்ல நான் நெனச்சேன்."

அந்தச் சிரிச்ச முகம்! எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, கத்தினேன். ஏணியில் ஆரம்பித்தேன், பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டு நீ அழாமல் நின்றது வரைக்கும் போனேன். அம்மா, "மெதுவாடி, பக்கத்து வீட்ல கேக்கும்" என்றாள். "கேக்கட்டும்! நல்லா கேக்கட்டும்!" என்றேன். அப்பா பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. டின் வேண்டுமென்றால் விரலால் காட்டுகிறார்.

பயப்படாதே, நான் வாளி எதையும் வீசவில்லை. தட்டைக் கொஞ்சம் தள்ளினேன்.

உன் விஷயம். பழைய பதிப்பில் பூனை இருந்தது, புதிய பதிப்பில் ஓடிவிட்டது என்று எழுதிவிடேன். மேடம் எங்கே போய்த் தேடப் போகிறார்? சரி சரி, முறைக்காதே. போய் உண்மையைச் சொல். எனக்கு எங்கள் அப்பா, உனக்கு மேடம்.

ஸ்பீக்கர்


மார்ச் 22
ஹாஸ்டல்

ஸ்பீக்கருக்கு,

உன் கடிதம் வந்த மறுநாளே மேடத்தின் அறைக்குப் போனேன். கதவுக்கு வெளியே நின்று, உள்ளே போய்ச் சொல்ல வேண்டியதை மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். உள்ளே போனதும் அதில் ஒன்றும் வரவில்லை.

"பதினெட்டாம் அத்தியாயத்துல நான் எழுதினது இல்ல மேடம். இருபத்தேழுலயும் இல்ல."

"அப்போ நீ நாவலைப் படிக்கல."

"பாதி படிச்சேன். மீதி கேட்டேன்."

அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். துவைக்கிற கல், ஒற்றைப்படை, இரட்டைப்படை, வார்டன் உதைத்த வாளி, எங்கள் வீட்டுச் சத்தம் எல்லாவற்றையும். அந்த அறையில் நான் அவ்வளவு நேரம் பேசியதே இல்லை. நடுவில் அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். பூனையிடம் வந்தபோது அடக்க முடியவில்லை.

பிறகு சொன்னார். "நீங்க ரெண்டு பேரும் சொல்லிக்கிட்ட கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுக்கு என்னால மார்க் போட முடியாது. புத்தகத்துல இருக்கறதுக்குத்தான் போட முடியும். ஒண்ணுலேருந்து நாப்பது வரைக்கும் வரிசையா படி. தேதி மாறாது."

வரிசையாகப் படித்தேன். சாப்பாட்டு வரிசையிலும் படித்தேன், துணி காயும்வரை மாடியிலும் படித்தேன். சத்தம் வரும் பக்கங்களில் விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாக நகர்ந்தேன். அங்கே இருப்பவள் உன் சத்திரக்காரியும் இல்லை, என்னுடையவளும் இல்லை. நீ பேச வைத்த இடத்தில் பேசாமல் இருக்கிறாள், நான் அவள் வாயை அடைத்த இடத்தில் கத்துகிறாள். அவளுக்கு நம் இருவரையும் தெரியவே தெரியாது என்பதுதான் எனக்கு முதலில் வருத்தமாக இருந்தது.

ஏன் ஓரிடத்தில் மௌனம், ஓரிடத்தில் கத்தல் என்று கேட்டுக்கொண்டே படித்தேன். கணவனின் அண்ணன் சாவி கேட்டபோது அவளுக்கு அவனிடம் எதிர்பார்ப்பு ஒன்றும் இல்லை. தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டாள். யாருக்காக ஏழு வருடம் விளக்கேற்றி வைத்தாளோ, அவனிடம்தான் கத்துகிறாள். தன்னை அறிந்துகொள்ளத் தகுதியுள்ளவர்களிடம் மட்டுமே அவள் குரலைச் செலவழிக்கிறாள், மற்றவர்களுக்குத் தண்ணீர் போதும். இதுதான் என் கட்டுரை. எல்லாவற்றுக்கும் பக்க எண் இருக்கிறது.

இதை எழுதும்போது எனக்கு நாவல் மட்டும் நினைவில் இல்லை. என் வாழ்நாளில் நான் அப்பாவிடமோ வார்டனிடமோ கோபப்பட்டுப் பேசியதில்லை. பிப்ரவரியில் உனக்கு ஒரு கடிதம் எழுதினேன்.

முந்தாநாள் கொடுத்துவிட்டேன். ஏப்ரல் பத்தாம் தேதி வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வருகிறார். அவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொன்னால்தான் பரிந்துரை, எழுதியது மட்டும் போதாதாம். இப்போதே மின்விசிறியிடம் பதில் சொல்லிப் பழகுகிறேன்.

கட்டுரையின் பிரதியையும் என் பங்கு அத்தியாயங்கள் எல்லாவற்றின் நகலையும் அனுப்புகிறேன். உனக்கும் பாதிதான் தெரியும், ஞாபகம் இருக்கட்டும்.

கோட்டான்


ஏப்ரல் 2
கடை

கோட்டானே,

படித்துவிட்டேன். முதலில் உன் ஒற்றைப்படைகள், பிறகு கட்டுரை. அப்பா பேசாமல் இருந்ததால் நேரம் நிறையக் கிடைத்தது.

அந்தப் பேச்சில்லாத கதை முடிந்துவிட்டது. போன திங்கட்கிழமை கலர் கலக்கும் மெஷின் பக்கத்தில் வந்து நின்றார்.

"இதை எப்படிப் போடறதுன்னு சொல்லிக் குடு."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? என் கடை மெஷின் எனக்குத் தெரிய வேண்டாமா?"

சொல்லிக் கொடுத்தேன். தப்பான பொத்தானை அழுத்திவிட்டு, "நான் சரியாத்தான் அழுத்தினேன்" என்று மெஷினோடு சண்டை போட்டார். ஒருவருக்குச் சந்தனம் கலக்கப் போய் ரோஸ் வந்துவிட்டது. இரண்டாவது டின்னில் சரியாக வந்தது. மூடியைத் தட்டி மூடிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "ஜூன்ல எந்தத் தேதி காலேஜ் திறக்கறாங்க?" என்றார். அம்மா உள்ளே மூக்கை உறிஞ்சியது கடை வரைக்கும் கேட்டது. நான் உனக்கு ஜூனியராக வருவேன். மேற்படிப்பு மகாராணி அப்போது கண்டுகொள்ளவேண்டும்.

இப்போது கட்டுரைக்கு வருகிறேன். நன்றாக எழுதியிருக்கிறாய். உன் குரல் இவ்வளவு நிமிர்ந்து நடக்கும் என்று எனக்கே தெரியாது. ஆனால் நீ சொல்வது தப்பு.

முப்பத்து மூன்றாம் அத்தியாயத்தை என்ன செய்தாய்? எனக்கு அதை ஒரு வரியில் சொன்னாய், "நோயாளி மாலுமி ஒருத்தர் வந்தார், செத்துப்போனார்" என்று. இங்கே பார்த்தால் சத்திரக்காரி அந்த மாலுமியின் பக்கத்தில் உட்கார்ந்து சாயங்காலம் முழுக்கப் பேசுகிறாள். பெயர் கூடத் தெரியாத ஆள். அவரிடம் அவளுக்கு என்ன எதிர்பார்ப்பு? தகுதியுள்ளவர்களுக்கு மட்டும்தான் குரல் என்றால், இதற்கு ஏன் அத்தனை பக்கம்? உன் கட்டுரையில் அந்த அத்தியாயம் ஒரு அடிக்குறிப்பில் ஒளிந்துகொண்டிருக்கிறது. ஒளித்தது யார் என்று எனக்குத் தெரியும்.

தேர்வாளர் இதைக் கேட்டால் என்ன செய்வாய்? யோசித்து வை. வழக்கம்போலத் தரையைப் பார்க்காதே.

ஸ்பீக்கர்


ஏப்ரல் 11
ஹாஸ்டல்

ஸ்பீக்கருக்கு,

உன் கடிதம் வந்த அன்று உன்னை நன்றாகத் திட்டினேன், மின்விசிறி சாட்சி. பிறகு முப்பத்து மூன்றாம் அத்தியாயத்தை எடுத்து உட்கார்ந்தேன். தேர்வு நாள் வரை அதை விட்டு எழவில்லை.

நேற்று தேர்வாளர் என் கட்டுரையைப் புரட்டி, நேராக அந்த அடிக்குறிப்பில் விரலை வைத்தார். புத்தகத்தை முழுதாகப் படித்த எல்லாருக்கும் அங்கே கால் தடுக்கும் போலிருக்கிறது. "உங்க வாதத்தை இந்த மாலுமி ஒடைச்சுப் போட்டுடறாரே?" என்றார்.

நான் தரையைப் பார்த்தேன். பிறகு நிமிர்ந்து, "இல்ல சார்" என்றேன்.

அதற்கு மேல் என்னென்ன சொன்னேன் என்று வரிசையாக நினைவில்லை. அவர் மறுத்தார், அந்த மறுப்பை நான் மறுத்தேன். நடுவில் அவர், "மெதுவா பேசலாம்மா, நான் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன்" என்றார். மேடம் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். வெளியே வந்தபோது வராந்தாவில் நம் வகுப்பே நின்றுகொண்டிருந்தது. உள்ளே பேசியது யார் என்று அவர்களுக்குள் சந்தேகமாம்.

மேடம் பரிந்துரையில் இன்று கையெழுத்துப் போட்டுவிட்டார். தேர்வாளருக்கு என் பதிலில் முழுச் சம்மதம் இல்லை, ஆனால் பதில் இருக்கிறது என்பதில் சம்மதமாம். வீட்டுக்கு இனிமேல்தான் சொல்ல வேண்டும். சத்தம் வரும். இந்த முறை நான் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொள்ளப் போவதில்லை.

அந்த மாலுமியிடம் அவள் ஏன் பேசினாள் என்று எனக்குத் தெரியும். நீ நினைப்பதுபோல அது என் வாதத்தை உடைக்கவில்லை. எழுதலாமென்று இரண்டு பக்கம் எழுதியும் பார்த்தேன், கிழித்துவிட்டேன். ஜூனில் வா. வாயால் சொல்கிறேன்.

கோட்டான்